பாசிட்டிவ் எர்த் பழைய காரில் சார்ஜர் சாக்கெட்: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

பாடியில் பாசிட்டிவ் கட்டிய பழைய காரில் போன் சார்ஜ் போட ஒரு சாக்கெட் வைப்பது, பார்க்க அரை மணி நேர வேலை. வைத்த பிறகு வரும் கோளாறுகள் மட்டும் முடிவதே இல்லை. பியூஸ் போகும், சார்ஜர் கருகும், கேபிள் நுனியில் பொறி பறக்கும். ஆனால் திரும்பத் திரும்ப வருபவை ஒரே ஏழெட்டு வகைதான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்று: இன்றைய சாக்கெட்டின் உலோகக் கூடு நெகட்டிவ், இந்தக் காரின் பாடியோ பாசிட்டிவ். இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று தேடினால் கோளாறு அகப்பட்டுவிடும்.

1930களின் நடுவிலிருந்து 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை இந்த வகை. மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஹீலி 3000, 1967 வரையிலான எம்ஜிபி எல்லாம் இதில் சேரும். 1955 வரையிலான அமெரிக்க ஃபோர்டுகளும் அப்படித்தான், ஆனால் அவை 6 வோல்ட். அவற்றுக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஒயர் இழுத்துவிட்ட 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, சில 5 ஆம்ப் பியூஸ்கள். டெஸ்ட் லாம்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஒயரை எப்படி மாற்றிப் பிடித்தாலும் அது எரியும், எது பாசிட்டிவ் என்று சொல்லாது. இந்த வேலையில் நமக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

## எதையும் தொடும் முன்

காரின் கையேட்டில் பாசிட்டிவ் எர்த் என்று இருக்கிறது என்பதற்காக உங்கள் கார் இன்றும் அப்படியே இருக்கிறது என்று அர்த்தமில்லை. இத்தனை வருடங்களில் யாராவது மாற்றியிருக்கலாம். மாற்றிவிட்டுப் பழைய ஸ்டிக்கரை அப்படியே விட்டவர்களும் உண்டு. மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். சிவப்பு முனையைப் பியூஸ் பெட்டியில் எப்போதும் கரண்ட் இருக்கும் முனையில் வையுங்கள். மைனஸ் 12.6 அளவில் காட்டினால் பாசிட்டிவ் எர்த். மைனஸ் குறி இல்லாமல் காட்டினால் யாரோ மாற்றிவிட்டார்கள், கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது பாடிக்குப் போகும் கேபிளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இங்கே அது பாசிட்டிவ். ‘நெகட்டிவை முதலில் எடு’ என்று கைப்பழக்கத்தில் ஊறியவர்கள் இந்தக் காரில் ஸ்பேனரைப் பாடியில் இடித்துப் பொறி பறக்க விடுவார்கள். மாட்டும்போது அதே கேபிள் கடைசியில்.

இனி இந்தக் காரில் ‘லைவ்’, ‘லைன்’ என்று சொல்வது நெகட்டிவ் ஒயரை. இதை மனதில் பதித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதைச் செருகினாலும் உயிர் இல்லை, பியூஸும் போகவில்லை

சார்ஜரை எடுத்துவிட்டு வெறும் சாக்கெட்டில் அளவு எடுங்கள். சிவப்பு முனை உள்ளே நடுமுனையில், கறுப்பு முனை கூட்டின் சுவரில்.

### சுழி காட்டினால்

இக்னிஷன் சாவி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இக்னிஷனுக்குப் பிறகு வரும் பச்சை ஒயரிலிருந்து லைன் எடுத்திருந்தால் சாவி போட்டால்தான் வரும். அப்புறம் பியூஸை எடுத்து இரண்டு முனைகளையும் அதன் பிடிகளையும் தேய்த்துப் போடுங்கள். இந்தக் கார்களுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் பியூஸ் பெட்டியில் பித்தளைப் பிடிகள் பச்சை பிடித்துப்போய், பியூஸ் நன்றாக இருந்தும் கரண்ட் போகாமல் இருப்பது சாதாரணம்.

அதுவும் சரி என்றால் பாடியில் திருகிய பாசிட்டிவ் முனையைப் பாருங்கள். பெயின்ட் மேல் திருகியிருப்பார்கள். மீட்டரின் சிவப்பு முனையை நடுமுனையிலிருந்து எடுத்துப் பாடியில் நேராக வைத்துப் பாருங்கள். இப்போது 12 வந்தால் கோளாறு அந்தத் திருகில்தான். சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள்.

### மைனஸ் 12 காட்டினால்

ஒயர் தலைகீழ். வழக்கமான நெகட்டிவ் எர்த் கார் மாதிரி நினைத்து, லைனை நடுமுனைக்கும் பாடியைக் கூட்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள். சார்ஜருக்குள் தலைகீழ் காப்பு இருந்தால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், சாகவில்லை. யுஎஸ்பி சாக்கெட்டின் எல்இடி எரியாததும் இதற்கு ஒரு நல்ல அடையாளம். பழைய கம்பி பல்பு எப்படிக் கொடுத்தாலும் எரியும், எல்இடி எரியாது.

இங்கேதான் பலர் அவசரப்பட்டு இரண்டு ஒயரையும் இடம் மாற்றுகிறார்கள். மாற்றாதீர்கள், ஒரு அளவு பாக்கி இருக்கிறது. இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் கூட்டுக்கும் டாஷ்போர்டின் உலோகத்துக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். தொடர்பே இல்லை என்று காட்டினால் ஒயரை மாற்றலாம். சுழிக்குப் பக்கத்தில் காட்டினால், உலோக சாக்கெட் உலோக டாஷ்போர்டில் நேராக உட்கார்ந்திருக்கிறது. அப்போது ஒயரை மாற்றிய நொடியில் லைன் நேரே பாடியில் ஷார்ட் ஆகும். அந்த சாக்கெட் இந்தக் காருக்கு ஆகாது. முழுக்கப் பிளாஸ்டிக் உடலும் பிளாஸ்டிக் நட்டும் உள்ளதை வாங்குங்கள்.

மரப் பலகை டாஷ்போர்டு என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். பலகைக்குப் பின்னால் இரும்புப் பட்டை ஓடும், சாக்கெட்டின் வால் அதில் இடிக்கும். அளவு பார்க்காமல் விடக் கூடாது.

### பிளஸ் 12 சரியாகக் காட்டினால்

சாக்கெட் குற்றமற்றது. சார்ஜர் முந்தைய தலைகீழ் இணைப்பில் செத்திருக்கலாம். செருகின் நுனியைத் திருகிக் கழற்ற முடிந்தால் உள்ளே குட்டிக் கண்ணாடி பியூஸ் இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் உடனே போனால் சார்ஜருக்குள் டயோடு ஷார்ட் ஆகிவிட்டது. புதிதுதான் வாங்க வேண்டும், திறந்து சரிசெய்வதில் பலனில்லை.

## சாக்கெட்டைப் பொருத்தியதுமே பியூஸ் போகிறது

உள்ளே எதுவும் செருகவில்லை, ஆனாலும் போகிறது. பியூஸ் மேல் பியூஸாகப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். பியூஸின் இடத்தில் அந்த 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும், ஒன்றே முக்கால் ஆம்புக்கு மேல் ஓடவே ஓடாது, எதுவும் கருகாது. இப்போது நிதானமாகத் தேடலாம்.

சாக்கெட்டின் பின்னால் இரண்டு ஒயரையும் உருவுங்கள். பல்பு அணைந்தால் சாக்கெட்தான் பாடியைத் தொடுகிறது. கூட்டை டாஷ்போர்டில் பிடிக்கும் உலோக நட்டு, பின்பக்க இரும்புக் கிண்ணம், ஒளி வளையத்தின் தனி எர்த் முனை என்று இந்த வரிசையில் பாருங்கள். ஒளி வளையத்தின் முனையைச் சாக்கெட் செய்தவரே கூட்டோடு சேர்த்திருப்பார். அதைப் பாடிக்கு இழுத்தால் ஷார்ட்.

ஒயரை உருவிய பிறகும் எரிந்தால் கோளாறு ஒயரில். லைன் வரும் பாதையில் கையை விட்டு மெல்ல அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு மினுக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். இஞ்சின் பக்கமிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் இற்றுப்போய்த் தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அடுத்தது ஸ்டீயரிங் தண்டின் பிடி.

தேடும்போது பழைய ஒயர்களின் துணிச் சுற்று கையில் மாவாக உதிர்ந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காருக்கு முதலில் தேவை ஒயரிங் மாற்றம், சாக்கெட் அப்புறம். அதை ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

## பியூஸ் போகவில்லை, ஆனால் ஒயர் சூடாகிப் புகைகிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் வாங்கும் யுஎஸ்பி சாக்கெட்டில் சிவப்பு ஒயரின் நடுவே பியூஸ் வைத்துத்தான் வரும். குறிப்புத்தாளிலும் ‘சிவப்பில் பியூஸ்’ என்றே போட்டிருக்கும். நெகட்டிவ் எர்த் காரில் சிவப்புதான் லைன், அதனால் அது சரி. நம் காரில் சிவப்பு ஒயர் பாடிக்குப் போகிறது. லைன் கறுப்பு ஒயர். கறுப்பு எங்காவது பாடியில் பட்டால் கரண்ட் பேட்டரியிலிருந்து கறுப்பு வழியாக நேரே பாடிக்குப் போய்விடும், சிவப்பில் இருக்கும் பியூஸ் பக்கம் எட்டியே பார்க்காது. வீட்டின் கொல்லைப்புறத்தில் காவல்காரரை நிறுத்திவிட்டு வாசலைத் திறந்துபோட்ட மாதிரி.

சார்ஜர் செருகின் நுனியில் இருக்கும் குட்டி பியூஸும் இதே கதைதான். அது நடுமுனைப் பக்கம், அதாவது பாடிப் பக்கம் இருக்கிறது. யுஎஸ்பி கேபிளின் உலோக நுனி டாஷ்போர்டில் பட்டால் கரண்ட் கூட்டின் வழியாகச் சார்ஜருக்குள் போய், கேபிளின் மெல்லிய உறைக்கம்பி வழியாகப் பாடிக்கு இறங்கும். அந்தக் குட்டி பியூஸ் அப்படியே முழுசாக இருக்கும், கேபிள் உருகும்.

என்ன செய்ய வேண்டும்? கறுப்பு ஒயரில், லைன் எடுத்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தனி பியூஸ். சிவப்பில் இருப்பதை வெட்டி எறியத் தேவையில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். இரண்டு துளை யுஎஸ்பி சாக்கெட்டுக்கு 5 ஆம்ப் போதும். அதில் இரண்டு போன்கள் முழு வேகத்தில் ஏறினாலும் 12 வோல்ட் பக்கம் இரண்டு, இரண்டரை ஆம்புதான் ஓடும்.

காரின் பியூஸ் பெட்டியில் ஏற்கனவே பியூஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். லூகாஸ் பெட்டியில் இருப்பது 35 ஆம்ப் பியூஸ். அந்த 35 என்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப். அது உருகுவதற்குள் சார்ஜர் ஒயர் பற்றிக்கொள்ளும்.

லைன் எங்கே எடுப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. லூகாஸ் நிறக் கணக்கில் பச்சை என்றால் இக்னிஷனுக்குப் பிறகு பியூஸ் வழியாக வருவது, ஊதா என்றால் எப்போதும் இருப்பது, அதற்கும் பியூஸ் உண்டு. இந்த இரண்டில் ஒன்றில் எடுங்கள். பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து பியூஸே இல்லாமல் வருவது, தொடாதீர்கள். வெள்ளை இக்னிஷன் காயிலுக்குப் போவது, அதிலும் பியூஸ் கிடையாது. சாக்கெட் கோளாறில் இஞ்சின் நடுரோட்டில் நின்றுபோக வேண்டும் என்றால் வெள்ளையில் எடுக்கலாம்.

ஒருமுறை புகைந்த ஒயர்க்கட்டை டேப் சுற்றித் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. சூடான ஒயர் பக்கத்து ஒயர்களின் உறையையும் இளக்கியிருக்கும், வெளியே தெரியாது. கட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரை அழைக்க வேண்டிய இடம் இது.

## சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கேபிள் உலோகத்தில் பட்டால் பொறி

ஒயரெல்லாம் சரியாகக் கொடுத்தவர்களுக்கும் இது வரும். இது இணைப்பில் இருக்கும் பிழையே அல்ல. கூடு லைவ், சார்ஜரின் நெகட்டிவ் லைவ், யுஎஸ்பி நுனியின் உலோகம் லைவ், போனின் சார்ஜ் துளையைச் சுற்றிய உலோகமும் லைவ். எல்லாமே பாடியைவிட 12 வோல்ட் கீழே நிற்கின்றன. 12 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது. பொறியும் சூடும் செய்யும்.

வெறும் சாக்கெட்டிலும் இதே சிக்கல் உண்டு. நெகட்டிவ் எர்த் காரில் லைவ் முனை குழிக்குள் ஆழத்தில் இருக்கும். இங்கே குழியின் சுவர் முழுக்க லைவ். விரலில் போட்ட மோதிரம் ஒரு பக்கம் சுவரிலும் இன்னொரு பக்கம் டாஷ்போர்டு விளிம்பிலும் பட்டால் போதும், மோதிரம் சுடும். மூடி உள்ள சாக்கெட்டையே வாங்குங்கள். பயன்படுத்தாதபோது மூடியிருக்கட்டும்.

செலவில்லாத வழி: ரப்பர் உறை போட்ட கேபிள், பிளாஸ்டிக் போன் பிடி, சாக்கெட்டுக்குத் தனி சுவிட்ச். உலோகக் காந்தப் பிடியைக் கழற்றிவிடுங்கள்.

### போனை ரேடியோவோடு கேபிளால் இணைத்தபோது வந்தால்

சார்ஜில் இருக்கும் போனின் நெகட்டிவ் லைனில் இருக்கிறது. ரேடியோவின் வெளிப்பெட்டி பாடியில். ஆடியோ கேபிளின் உறைக்கம்பி இரண்டையும் சேர்க்கும், அதோடு கேபிளும் போனின் துளையும் சேர்ந்து போகும். ப்ளூடூத் பயன்படுத்துங்கள். கேபிள்தான் வேண்டும் என்றால் நடுவே ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பிரிப்பான் ஒன்றைப் போடுங்கள்.

டாஷ்கேமின் பின்பக்க கேமரா பாடியில் திருகப்பட்டால், ஜிபிஎஸ் கருவியின் வெளி ஆன்டெனாவின் உலோக அடி பாடியைத் தொட்டால், இதே விளைவு. எந்தக் கருவியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சார்ஜ் ஒயரைத் தவிர வேறு எங்கே இது பாடியைத் தொடுகிறது?

### நிரந்தரத் தீர்வு

உள்ளீடும் வெளியீடும் மின்சாரத்தால் முழுக்கப் பிரிக்கப்பட்ட டிசி கன்வெர்ட்டர். 12 வோல்ட் உள்ளே, 12 வோல்ட் வெளியே. உள்பக்க நெகட்டிவை லைனுக்கும் பாசிட்டிவைப் பாடிக்கும் கொடுங்கள். வெளிப்பக்க நெகட்டிவைத் தாராளமாகப் பாடியில் கட்டலாம். கட்டிவிட்டால் சாக்கெட்டின் கூடு, கேபிள் நுனி, போன், ரேடியோ எல்லாம் பாடியோடு ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். உலோக சாக்கெட்டை உலோக டாஷ்போர்டில் அப்படியே போடலாம், ஆடியோ கேபிளும் செருகலாம். இந்தத் தலைப்பில் சொன்ன தொல்லைகள் அத்தனையும் ஒரே பெட்டியில் முடிந்துவிடும். தினமும் ஓட்டும் காருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது கவனம். கன்வெர்ட்டர் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை பிரிக்கப்படாதவை, உள்ளே இரண்டு நெகட்டிவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். எதிலும் இணைக்காமல் உள்பக்க நெகட்டிவுக்கும் வெளிப்பக்க நெகட்டிவுக்கும் நடுவே ஓம் பாருங்கள். சுழிக்குப் பக்கத்தில் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும்.

## விட்டுவிட்டுச் சார்ஜ் ஏறுகிறது

எளிதானதிலிருந்து ஆரம்பிப்போம். செருகு ஆடுகிறதா? பழைய சிகரெட் லைட்டர் குழியையே சார்ஜருக்குப் பயன்படுத்தினால் ஆடும், அளவு பொருந்தாது. அதோடு அந்தக் காரின் அசல் லைட்டர் குழியின் கூடு பாடியில்தான் இருக்கும், அதாவது துருவம் தலைகீழ். அதை லைட்டருக்கே விட்டுவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் போகிறது என்றால் வோல்டேஜ் இறங்குவதுதான் காரணம். கவலைப்பட ஒன்றுமில்லை. இஞ்சின் ஓடிய பிறகு செருகுங்கள்.

ஓடும்போது குலுக்கலில் போகிறது என்றால் வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும். சாக்கெட்டில் ஒரு போனை ஏறவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தலையிலும் இன்னொன்றைச் சாக்கெட்டின் பின்னால் நடுமுனை ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் பக்கம் கெட்டிருக்கிறது. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் பட்டை முதல் சந்தேகம். அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் தலைக்கும் கூட்டுக்கும் இடையே பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் லைன் பக்கத்தில் குண்டு முனை (புல்லட்) இணைப்புகள் துரு பிடித்திருக்கின்றன. உருவித் தேய்த்துச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

### சிக்னலில் நிற்கும்போது மட்டும் போனால்

டைனமோ உள்ள கார்களில் ஐடிலில் சார்ஜ் வராது. டாஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு மினுக்குவதும் இயல்பு. அது கோளாறு இல்லை. ஆனால் இஞ்சினை நன்றாக முறுக்கிய பிறகும் பேட்டரியில் 13 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் சரியென்றால் டைனமோவின் கரித்துண்டு (கார்பன் பிரஷ்). அதற்கும் மேல் ரெகுலேட்டர் பெட்டி. அதன் காண்டாக்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பதோடு நிறுத்துங்கள். திருகை நிமிண்டி வோல்டேஜ் சரிசெய்வது தெரிந்தவர் வேலை.

எதிர்த்திசையும் உண்டு. விளக்குகள் எரியும்போதுகூட 15.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜரை உடனே உருவுங்கள். காண்டாக்ட் ஒட்டிக்கொண்ட ரெகுலேட்டர் சார்ஜரையும் கொல்லும், பேட்டரியையும் கொதிக்க வைக்கும். அடுத்த பயணமே எலக்ட்ரீஷியனிடம்தான்.

## ஸ்பீக்கரில் இரைச்சல்

சார்ஜரை உருவுங்கள். நின்றால் மலிவான சார்ஜர், நல்லதாக மாற்றுங்கள். நிற்கவில்லை, இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் டைனமோ. அதன் பெரிய முனையில், டி என்று குறித்ததில், 1 மைக்ரோஃபாரட் இரைச்சல் தடுப்புக் கெப்பாசிட்டர் மாட்டுங்கள். எஃப் முனையில் மாட்டவே கூடாது. டிக் டிக் என்று தீப்பொறி ஓசை என்றால் இக்னிஷன் காயிலின் லைன் முனையில் அதே கெப்பாசிட்டர். காண்டாக்ட் பாயின்ட் பக்கத்து முனையில் அல்ல.

## சாக்கெட் சூடாகிறது

போன் மட்டும் என்றால் செருகின் பக்கவாட்டு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், சார்ஜரை மாற்றிப் பாருங்கள். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் மாட்டினீர்கள் என்றால் அது 10 ஆம்ப் வரை இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் யுஎஸ்பிக்குப் போதும், இதற்குப் போதாது. பம்ப்பை பேட்டரியில் கிளிப் போட்டு ஓட்டுங்கள், சிவப்பு கிளிப் பேட்டரியின் பாசிட்டிவில்.

டைனமோவின் கணக்கையும் மறக்க வேண்டாம். லூகாஸ் சி40/1 வகை அதிகபட்சம் 22 ஆம்ப் தரும். இரவு மழையில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் விசிறி, இக்னிஷன் எல்லாம் சேர்ந்து அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். போனுக்கு இடம் உண்டு. குளிர்பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து இடம் கிடையாது.

## காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது

ஊதா ஒயரில் லைன் எடுத்திருந்தால் சாக்கெட்டின் எல்இடியும் வோல்ட் மீட்டரும் இரவு பகலாக இழுக்கும். 20 மில்லிஆம்ப் என்றால் ஒன்றுமில்லை போலத் தெரியும். ஒரு மாதம் நின்ற காரில் அது 14 ஆம்பியர்-மணி. எப்போதாவது எடுக்கும் காருக்கு இது நிறைய. லைனைப் பச்சைக்கு மாற்றுங்கள், அல்லது சுவிட்ச் வையுங்கள். பேட்டரியின் பாடி கேபிளைக் கழற்றி நடுவே மீட்டரை ஆம்ப் நிலையில் வைத்து அளந்தால் யார் இழுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சாக்கெட்டின் பியூஸை எடுத்த பிறகும் இழுத்தால் குற்றவாளி வேறு.

பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்பதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு கார்களின் பாடிகளும் எதிரெதிர் துருவம். பம்பரோடு பம்பர் தொட்டால் அதுவே ஷார்ட்.

## 6 வோல்ட் கார்

முதலில் துருவத்தை அளந்து பாருங்கள். 6 வோல்ட் எல்லாம் பாசிட்டிவ் எர்த் இல்லை. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ஷெவர்லேயும் 6 வோல்ட், ஆனால் நெகட்டிவ் எர்த்.

சாதாரண யுஎஸ்பி சார்ஜரை 6 வோல்ட்டில் மாட்டினால் ஏறியும் ஏறாமலும் இருக்கும். 5 வோல்ட் கொடுக்க அதற்கு மேலே கொஞ்சம் இடம் வேண்டும், ஐடிலில் அது இருக்காது. பிரிக்கப்பட்ட கன்வெர்ட்டர்தான் இங்கே வழி. 12 வோல்ட் கார்களுக்கு வருபவற்றில் உள்ளீடு 9 முதல் 18 வோல்ட் என்று போட்டிருக்கும், அது வேண்டாம். 4.5 முதல் 9 என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். வெளியே 12 வோல்ட்டில் 2 ஆம்ப் எடுத்தால் உள்ளே 6 வோல்ட்டில் ஐந்து ஆம்ப் வரை ஓடும். அதனால் ஒயரை 2 சதுர மில்லிமீட்டராகவும் பியூஸை 7.5 ஆம்பாகவும் போடுங்கள்.

## நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பிறகு சாக்கெட் செத்தது

பழைய சாக்கெட்டில் நடுமுனை பாடிக்கும் கூடு லைனுக்கும் கட்டப்பட்டிருக்கும். காரின் துருவம் மாறியதும் அது தலைகீழாகிவிட்டது. இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். பியூஸ் லைனில்தான் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும்.

சாக்கெட்டுக்காகவே காரை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: போன் சார்ஜுக்காக மட்டும் வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் துருவம் பொருட்டில்லை. ஆனால் டைனமோவுக்கு எஃப் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த முனையில் லைனைச் சில நொடிகள் தட்டித் தட்டிப் புதுத் துருவம் ஏற்ற வேண்டும். காயிலின் இரண்டு ஒயரையும் மாற்ற வேண்டும். அம்மீட்டர் இருந்தால் அதையும். நிலைக்காந்த ஹீட்டர் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும். எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் அது செத்துவிடும். எஸ்யூ பெட்ரோல் பம்ப்பில் டயோடு வைத்த வகை என்றால் அதற்கும் துருவம் உண்டு, மூடியைத் திறந்து பார்க்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. ஸ்மித்ஸ் எலக்ட்ரானிக் ஆர்பிஎம் மீட்டரை உள்ளே பிரித்து மாற்ற வேண்டும். அது கருவி பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய வேலை, வீட்டு மேசையில் திறக்காதீர்கள். ஏற்கனவே ஆல்டர்னேட்டர் போடுவதாகத் திட்டம் இருந்தால் அந்தச் சமயத்தில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். சாக்கெட்டையும் அப்போதே புதிதாக ஒயர் இழுத்துப் போடச் சொல்லிவிடுங்கள்.